பல் வைத்திய மாணவரும் முதுகு நோவும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் புதுக்குடியிருப்பு. அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிற் கச்சான் விளைகிறது. குளத்து நீர் பாயும் வயல்களில் நெல் விளைகிறது. கிழக்கே கடற்கரையிற் கரைவலை இழுப்போரைக் காணலாம். இவ்வூர் மக்களுக்கு முதுகு நோவு புதிதன்று. கச்சான் தோட்டத்திற் களை பிடுங்கும் பெண், குனிந்த முதுகுடன் ஒரு வரிசையை முடிக்கிறாள். முடித்ததும் நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிச் சற்றே பின்னோக்கிச் சாய்கிறாள். ஒரு பெருமூச்சு விட்டபின் அடுத்த வரிசைக்குக் குனிகிறாள். இதனை அவளுக்கு எவரும் கற்பித்ததில்லை. உடம்பு கேட்கிறது, அவள் கொடுக்கிறாள்.

இத்தகைய குடும்பமொன்றிற் பிறந்த மகள், உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியடைந்து, பல் வைத்தியம் கற்பதற்குப் பேராதனைக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் மகிழ்கின்றனர். வெயில் இல்லை, மழை இல்லை, மண் சுமக்க வேண்டியதில்லை. இருக்கையில் அமர்ந்து செய்யும் நிழல் வேலை என்று கூறுகின்றனர். ஆனால் மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு வீடு திரும்பிய மகள், தாயைப் போலவே கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டார் வியப்படைவர். தோட்டத்தில் நாள் முழுதும் உழைக்கும் தாய்க்கு நோவு வருவது இயல்பு; நாற்காலியில் அமர்ந்து பற்களைப் பார்க்கும் இளம்பெண்ணுக்கு நோவு வருவானேன்?

இவ்வினாவுக்கு விடை காண்பது பயனுடையது. ஏனெனில் இந்நோவு ஒருவர் இருவர்க்கு நேரும் தற்செயலான துன்பமன்று. பல் வைத்தியத் தொழிலில் ஈடுபட்டோரைப் பற்றி உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009 ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. தசையிலோ, மூட்டிலோ, என்பிலோ நோவு உடையோர் நூற்றுக்கு 64 முதல் 93 பேர் வரை என்று அத்தொகுப்பு கூறிற்று. கழுத்தும் முதுகும் முதலிடம் பெற்றன. பற்களைச் சுரண்டித் துப்புரவு செய்வதையே முதன்மைப் பணியாகக் கொண்டோருக்குக் கையும் மணிக்கட்டும் மிகுதியாக நொந்தன. இதனினும் கவனிக்கத்தக்கது மற்றொன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோப் பல் மருத்துவ மாணவரிடையே நடத்தப்பட்டு 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், உடல் நோவு உண்டு என்று கூறிய மாணவர் நூற்றுக்கு 46 முதல் 71 பேர் வரை இருந்தனர். படிப்பின் ஆண்டு ஏற ஏற அத்தொகையும் ஏறிற்று. ஆதலால் நோவு முப்பது ஆண்டுத் தொழிலின் முடிவில் வருவதன்று. பட்டம் பெறுமுன்னரே அது வந்து குடியேறிவிடுகிறது.

தொழிலுக்கும் உடல் நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவருள் ஒருவர் இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொழிலிடத்து நச்சுப் பொருள்கள் நோய் தருவது போலவே, முறைகெட்ட அசைவுகளும் இயல்புக்கு மாறான உடல் நிலைகளும் நோய் தரும் என்று அவர் காட்டினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய வினாக்களுடன், அவர் செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும் என்றவரும் அவரே.

பல் வைத்தியர் அக்காலத்தும் அதன் பின்னரும் நின்றுகொண்டே வேலை செய்தனர். அமெரிக்கரான ஜேம்ஸ் மொரிசன் 1871 ஆம் ஆண்டில் காலால் மிதித்துச் சுழற்றும் பற்குடை பொறிக்கு உரிமை பெற்றார். தையற்பொறியைப் போன்ற அக்கருவியை இயக்க வைத்தியர் ஒரு காலில் நின்று மறு காலால் மிதிப்பார். கையோ நோயாளியின் வாயில் நுண்ணிய வேலை செய்யும். இடுப்பு ஒரு பக்கம் சாய, தோள் ஒரு பக்கம் உயர, முதுகு முறுகி நிற்கும். பின்னர் மின்சாரப் பொறி வந்து மிதிக்கும் வேலையை ஒழித்தது; எனினும் நிற்றலும் குனிதலும் நெடுங்காலம் ஒழியவில்லை.

அவற்றை மாற்றியது காற்றின் விசையாற் சுழலும் நுண்குடை கருவி. நியூசிலாந்தின் ஜோன் வால்ஷ் 1949 ஆம் ஆண்டில் இத்தகைய கருவிக்கு உரிமை பெற்றார். அமெரிக்கரான ஜோன் போர்டன் 1957 ஆம் ஆண்டில் இதனைச் சந்தைக்கு ஏற்ற வடிவில் வெளியிட்டார். நிமிடத்துக்கு இலட்சக்கணக்கான முறை சுழலும் இக்கருவி பல்லைச் சூடாக்கும். ஆகவே நீரைத் தூவிக் குளிர்விக்க வேண்டியதாயிற்று. வாயில் நிறையும் நீரை உறிஞ்ச வலிய உறிஞ்சு குழாய் வேண்டியதாயிற்று. அக்குழாயைப் பிடிக்க உதவியாளர் ஒருவர் வேண்டியதாயிற்று. நோயாளி துப்புவதற்காக எழ வேண்டிய தேவை நீங்கவே, அவரைப் படுக்கவைக்க இயன்றது. நோயாளி படுத்ததும் வைத்தியரும் உதவியாளரும் இரு பக்கமும் அமர்ந்தனர். இவ்வாறாக, பல்லைக் குடையும் வேகம் மிகுந்தமை ஈற்றில் வைத்தியரை நாற்காலியில் அமர்த்தியது.

நின்றவர் அமர்ந்துவிட்டார், இனி நோவு நீங்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். கால் நோவும் நாள நோவும் குறைந்தனவேயன்றிக் கழுத்து நோவும் முதுகு நோவும் நீங்கவில்லை. காரணம் யாது?

மனிதனின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் நிறையுடையது. முள்ளந்தண்டின் உச்சியில் அது நேராக அமர்ந்திருக்கும் வரையில் கழுத்துத் தசைகளுக்குப் பெரிய வேலையில்லை. நீர் நிறைந்த குடத்தைத் தலையிலே நேராகச் சுமக்கும் பெண்ணுக்கு அது பெரும் பாரமாகத் தோன்றாது. அதே குடத்தைக் கையை நீட்டி முன்னே ஏந்தினால் நொடிப்பொழுதிற் கை தளரும். நிறை மாறவில்லை; நிறைக்கும் தாங்குமிடத்துக்கும் உள்ள தூரமே மாறிற்று. தலை முன்னே சாயும்போது நேர்வதும் இதுவே. நியூயோர்க்கைச் சேர்ந்த முள்ளந்தண்டு அறுவை வைத்தியர் கெனத் ஹன்ஸ்ராஜ் 2014 ஆம் ஆண்டில் கணினி மாதிரியொன்றைக் கொண்டு இதனைக் கணக்கிட்டார். தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்து ஏற்கும் சுமை ஏறத்தாழ 12 கிலோகிராமுக்கு நிகராகும். 30 பாகையில் 18. 45 பாகையில் 22. 60 பாகையில் 27. இவை கணக்கால் வந்த மதிப்பீடுகளே. ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ஆயினும் சாய்வு கூடச் சுமை விரைந்து கூடும் என்னும் உண்மையில் ஐயமில்லை.

கீழ் முதுகின் நிலையை ஆராய்ந்தவர் சுவீடனைச் சேர்ந்த அல்ப் நாகெம்சன். முள்ளென்புகளுக்கு இடையே மெத்தை போன்று அமைந்த தட்டுகளினுள் நுண்ணூசி செலுத்தி, உயிருள்ள மனிதரிடத்தே அழுத்தத்தை அவர் 1960களில் அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், முன்னே குனிந்து அமர்ந்திருக்கும்போது அது 185 என்று அவருடைய அளவைகள் காட்டின. நேராக அமர்ந்திருத்தல் நிற்றலைவிட அத்துணை மிகுந்த அழுத்தம் தருவதில்லை என்று 1990களில் நடந்த மறு அளவைகள் திருத்தம் கூறின. ஆனால் குனிந்த முதுகு தட்டுகளை மிகுதியாக அழுத்தும் என்பதை இரு சாராரும் ஒப்புக்கொள்கின்றனர். ஆகவே இருக்கை ஒருவரைக் காப்பாற்றுவதில்லை; அவ்விருக்கையில் அவர் எவ்வாறு அமர்கிறார் என்பதே காப்பாற்றுகிறது.

இனி, தோட்டத்துத் தாயையும் பேராதனை மகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். தாய் குனிகிறாள், ஆனால் அசைகிறாள். கை நீளுகிறது, மடங்குகிறது, கால் பெயர்கிறது, வரிசை முடிந்ததும் உடம்பு நிமிர்கிறது. தசை சுருங்கியும் விரிந்தும் வேலை செய்யும்போது குருதி அதனுட் பாய்ந்தும் வெளியேறியும் கொண்டிருக்கும். மகளோ ஒரு பல்லின் குழியைத் துப்புரவு செய்யும் அரை மணி நேரமும் கழுத்தையும் தோளையும் அசைப்பதில்லை. அசைந்தாற் கருவி பிழைக்கும். அவ்வாறு இறுகி நிற்கும் தசையினுள்ளே நுண்குருதிக் குழாய்கள் நெருக்குண்கின்றன. வரவேண்டிய ஒட்சிசன் குறைகிறது. போகவேண்டிய கழிவு தேங்குகிறது. தசை களைக்கிறது, கடுக்கிறது. களைத்த தசை தன் பணியைத் தசைநார்களிடமும் மூட்டுகளிடமும் விட்டுவிடுகிறது. ஒரு நாளில் இதனால் தீங்கு இல்லை. நாள்தோறும் நேருமாயின், இரவு ஓய்வு ஆற்றக்கூடியதைவிடப் பகல் செய்யும் சேதம் மிகுதியாகிறது. அசையாமையே இத்தொழிலின் மறைவான சுமை.

அனுபவம் மிக்க வைத்தியரைவிட மாணவர் இதனால் எளிதில் தாக்கப்படுவதற்குத் தனிக் காரணங்கள் உள. முதலாவது, தொடக்கத்தில் மாணவரின் கருத்து முழுவதும் பல்லின்மேலேயே நிற்கிறது. தம் உடம்பு எங்கே இருக்கிறது என்பதை அவர் மறந்துவிடுகிறார். இரண்டாவது, மேற்பற்களின் உட்புறத்தை வாய்க் கண்ணாடியின் துணையாற் பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் மாறித் தோன்றுவதாற் கை தடுமாறுகிறது. தடுமாறும் கையைச் சீர்ப்படுத்தப் பயிலுவதற்குப் பதிலாக, நேரே பார்த்துவிடுவோம் என்று தலையைக் கீழே கொண்டுபோகிறார். மூன்றாவது, தேர்ந்தவர் கால் மணியிற் செய்யும் வேலைக்கு மாணவர்க்கு ஒரு மணிக்கு மேலும் ஆகிறது. நான்காவது, உதவியாளர் இன்றித் தனியே வேலை செய்ய வேண்டிய வேளைகள் மாணவர்க்கு மிகுதி. ஐந்தாவது, அச்சத்தினாற் கருவியை வேண்டியதைவிட இறுக்கிப் பிடிக்கிறார். இவற்றுக்கு மேல், சிகிச்சைக் கூடத்தைவிட்டு வந்ததும் புத்தகத்தின் முன்னும் கைத்தொலைபேசியின் முன்னும் அதே குனிந்த கழுத்து மீண்டும் நெடுநேரம் குனிகிறது.

மற்றுமொரு காரணம் உண்டு; அளவைக் கருவிகளால் அதனை அளக்க இயலாது. நோயாளி தம் தலையைச் சற்றே திருப்பினால், மோவாயைச் சற்றே உயர்த்தினால், வைத்தியரின் முதுகு நேராகும். ஆனால் நோயாளியிடம் அதைக் கேட்க வேண்டுமே! பெரியோரை ஏவுதல் மரியாதையன்று என்று வளர்க்கப்பட்ட இளம்பெண், தந்தை வயதினரான ஒருவரின் தலையை அப்படித் திருப்புக, இப்படித் திருப்புக என்று சொல்லக் கூசுகிறாள். பேராதனைக்கு வரும் நோயாளருட் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். வன்னியிலிருந்து சென்ற மாணவிக்கு முதலாண்டுகளில் அம்மொழி நாவிற் படிந்திராது. சொல்லத் தெரியாத இடத்தும், சொல்லக் கூசும் இடத்தும், அவள் செய்யக்கூடியது ஒன்றே: தானே வளைவது. மரியாதையினாலும் மொழியின்மையாலும் வளைந்த முதுகு, காரணம் எதுவாயினும், அதே அளவு நோகும். ஆகவே நோயாளியைத் திருப்பவும் சாய்க்கவும் வேண்டிய பத்துப் பன்னிரண்டு சொற்றொடர்களை இரு மொழிகளிலும் முதல் வாரத்திலேயே மனனம் செய்துகொள்வது, அம்மாணவி தன் முதுகுக்குச் செய்யும் பேருதவியாகும். "ஆச்சி, தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கோ" என்று அன்புடன் கேட்பதனால் எந்த ஆச்சியும் மனம் நோகமாட்டார்.

இலங்கையிற் பல் மருத்துவக் கல்வி 1940களிற் கொழும்பிலே தொடங்கி, 1950களிற் பேராதனைக்கு இடம் மாறிற்று. நெடுங்காலம் நாட்டுக்கு ஒரே பல் மருத்துவ பீடமாக அது விளங்கிற்று. அண்மை ஆண்டுகளில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் தோன்றியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரினும், பல் வைத்தியம் கற்க விரும்பிய வடபகுதிப் பிள்ளைகள் மலைநாட்டை நோக்கியே சென்றுவந்தனர். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையின் புதிய கட்டிடத் தொகுதி 1990களின் இறுதியில் ஜப்பானின் உதவியுடன் எழுந்தது. பல் வைத்தியரின் உடல் நிலையைப் பற்றிய சிந்தனையிலும் ஜப்பானுக்குத் தனியிடம் உண்டு.

டரில் பீச் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் ஜப்பானிலே தங்கிப் பணியாற்றியவர். நோயாளியின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்தியர் போவதே அதுவரை வழக்கம். அவர் வினாவைத் தலைகீழாக்கினார். வைத்தியர் முதலிற் கருவியும் நோயாளியும் இன்றி, உடம்பைச் சமநிலையில் வைத்து அமரட்டும். கண்களை மூடிக்கொண்டு, நுண்ணிய வேலை செய்வதற்குக் கைவிரல்கள் இயல்பாக எங்கே வந்து சேர்கின்றன என்பதை உணரட்டும். அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, நோயாளியின் வாயை அங்கே கொண்டுவரட்டும் என்றார். இக்கருத்தைத் தழுவி, நோயாளி முற்றாகப் படுத்திருக்கும் சிகிச்சை இருக்கையை மொரிட்டா நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இருக்கையின் வடிவம் பின்னர் எத்தனையோ முறை மாறிவிட்டது. வாயைத் தேடி வைத்தியர் வளையலாகாது, வாயை வைத்தியரிடம் கொண்டுவர வேண்டும் என்னும் அவருடைய கருத்து இன்றும் மாறவில்லை.

இதனை நடைமுறையிற் செய்வது எவ்வாறு? ஒழுங்கு முறை ஒன்று உண்டு, அவ்வொழுங்கு மாறலாகாது. முதலிலே தம் இருக்கை, அடுத்து நோயாளி, அதன்பின் விளக்கு, ஈற்றிலே கருவி. மாணவர் பெரும்பாலும் இதனைப் பின்னிருந்து தொடங்குகின்றனர். கருவியைக் கையில் எடுத்தபின் எஞ்சியவை எல்லாம் உள்ளபடியே கிடக்கின்றன.

இருக்கையைப் பொறுத்தவரை, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்றே தாழ்ந்திருத்தல் நன்று. அப்போது கீழ் முதுகின் இயல்பான உள்வளைவு கெடாது நிற்கும். முதுகுத் தாங்கி வெறும் அலங்காரமன்று. இடுப்பு அதனைத் தொட்டிருக்க வேண்டும். உயரம் குறைந்த மாணவியர், முன்பு அமர்ந்தவர் வைத்த உயரத்திலேயே நுனியில் அமர்ந்து கால் தொங்க வேலை செய்வதுண்டு. இருக்கையைத் தாழ்த்துவதற்கு வேண்டியது ஒரு நொடியே.

நோயாளியின் வாய், அமர்ந்திருக்கும் வைத்தியரின் முழங்கை மட்டத்துக்கு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். வாய்க்கும் கண்ணுக்கும் இடையே 35 முதல் 40 சதமமீற்றர் தூரம் இருப்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தும். மேற்பற்களிற் சிகிச்சை செய்யும்போது நோயாளியை நன்கு படுக்கவைத்து மோவாயை உயர்த்த வேண்டும்; கீழ்ப்பற்களுக்கு இருக்கையின் முதுகைச் சற்று உயர்த்தி மோவாயைத் தாழ்த்த வேண்டும். நோயாளியின் தலையை மணிக்கூட்டின் முகமாகவும், உச்சந்தலையைப் பன்னிரண்டு மணியாகவும் கொண்டால், வலக்கைப் பழக்கமுடையோர் ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே இடம் மாறி மாறி அமரலாம். இடக்கையினர்க்கு அதன் மறுபுறம். ஓரிடத்திலேயே வேரூன்றி முறுகுவதைவிட, இருக்கையை உருட்டி இடம் பெயர்வது உடம்புக்கு நன்று.

தலை 20 அல்லது 25 பாகைக்கு மேற் சாயாமலும், மேற்கைகள் விலாவை ஒட்டியும், தோள்கள் உயராமலும் இருப்பது குறிக்கோள். விளக்கின் ஒளி பார்வையின் திசையை ஒட்டியே விழ வேண்டும். வேறு திசையிலிருந்து விழுந்தாற் கை தன் நிழலைத் தானே வாயில் வீழ்த்தும். நிழலை விலக்கத் தலை சாயும். உருப்பெருக்கிக் கண்ணாடிகள் அணிந்த மாணவரின் உடல் நிலை சீர்பட்டதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏனெனில் அக்கண்ணாடி குறித்த தூரத்தில் மட்டுமே தெளிவு தருவதால், அணிந்தவர் குனிய இயலாது. ஆனால் அணிபவரின் அளவுக்குச் செய்யப்படாத கண்ணாடி, தலையை மேலும் சாய்க்கச் செய்து தீங்கு விளைக்கும்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்காறையைச் சுரண்டும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் கருவியை நெருக்கிப் பிடிக்கின்றன. அந்நெருக்கம் நீடித்தால், மணிக்கட்டின் ஒடுங்கிய வழியே செல்லும் நரம்பு அழுத்தப்பட்டு, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகலாம். இரவில் இது மிகுதியாக உணரப்படும். பிடியின் குறுக்களவு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உள்ள கருவிகளுக்கு, மெலிந்த கருவிகளைவிடக் குறைந்த நெருக்கமே போதும் என்று கலிபோர்னியாவில் நடந்த ஆய்வுகள் கண்டன. விரலை அயற்பல்லில் ஊன்றிக்கொண்டாலும் நெருக்கம் குறையும். யாவற்றுக்கும் மேலாகக் கருவி கூர்மையாக இருத்தல் வேண்டும். மழுங்கிய அரிவாளாற் கதிர் அறுப்பவரின் கை எவ்வாறு நோகும் என்பதை வயலூர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் அசையாமை எஞ்சி நிற்கிறது. அதற்கு மருந்து, இடையிடையே சிறு ஓய்வு. பல்லில் வைத்த பொருள் இறுகும் வரை காத்திருக்கும் அரை நிமிடம், நோயாளி வாயைக் கொப்புளிக்கும் நேரம் ஆகியவை வீணாக்கத்தக்க நேரங்களல்ல. எழுந்து நிற்றல், தோளைப் பின்னே சுழற்றுதல், குனிந்திருந்த திசைக்கு எதிராக உடம்பை வளைத்தல் ஆகிய இவை போதும். கச்சான் வரிசை முடிவில் தாய் செய்ததும் இதுவே. நடத்தல், நீந்துதல், முதுகையும் வயிற்றையும் வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவற்றையும் வாராந்த வழக்கமாகக் கொள்ளுதல் நலம்.

தம் நிலை சரியா தவறா என்பதை ஒருவர் தாமே அறிவது எளிதன்று. வளைந்த முதுகு, பழகியபின் நேரானது போலவே தோன்றும். இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மக்அட்டம்னி, கோர்லெட் ஆகிய இருவரும் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரூலா' என்னும் மதிப்பீட்டு முறை இதற்கு உதவும். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, உடம்பு, கால் ஆகியவற்றின் நிலைக்கும், ஏற்கும் சுமைக்கும் புள்ளிகள் இட்டு ஒன்று முதல் ஏழு வரை முடிவு காண்பர். ஒன்றும் இரண்டும் ஏற்கத்தக்கவை. ஏழு வந்தால் உடனே மாற்றம் வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சக மாணவர் பக்கவாட்டிலிருந்து எடுக்கும் ஒரு நிழற்படமே போதும். தம் படத்தைக் கண்டு திடுக்கிடாத மாணவர் சிலரே இருப்பர்.

இப்பழக்கத்தைத் தொடங்க வேண்டிய இடம் எது? நோயாளியைத் தொடுமுன்னர், பொம்மைத் தலைகளில் மாணவர் பயிலும் கூடமே அது. பொம்மைக்கு நோவு இல்லை, கூச்சம் இல்லை, மொழி இல்லை. அதன் தலையை வேண்டியவாறு திருப்பலாம். அங்கே குனிந்து பழகியவர் நோயாளியிடமும் குனிவர். அங்கே நிமிர்ந்து பழகியவர்க்கு நிமிர்வதே இயல்பாகும். குழி செம்மையாக வெட்டப்பட்டதா என்பதற்கு ஆசிரியர் புள்ளி இடுவது போல, வெட்டும்போது மாணவர் எவ்வாறு அமர்ந்திருந்தார் என்பதற்கும் புள்ளி இடுவாராயின், சொற்பொழிவுகள் பல செய்யாததை அது செய்யும்.

எனினும் மிகைபடக் கூறலாகாது. பல் வைத்தியரின் தசை மூட்டு நோய்களைத் தடுக்கும் வழிகளைப் பற்றிய சோதனைகளைக் கொக்ரேன் அமைப்பினர் 2018 ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அவர்களுடைய அளவுகோலுக்கு இசைந்த ஆய்வுகள் இரண்டே கிடைத்தன. அவற்றைக் கொண்டு உறுதியான முடிவு கூற இயலாது என்றனர். நிமிர்ந்து அமர்ந்தால் நோவே வராது என்று எவரும் உறுதிகூற முடியாது. உறக்கக் குறைவும் பரீட்சை அச்சமும் மனச் சுமையும் நோவைப் பெருக்கும். ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் நீங்காத நோவு, கைவிரல் மரத்தல், பிடி தளர்தல், காலுக்குப் பரவும் நோவு ஆகியவை தோன்றினால், நோவடக்கும் குளிகையை விழுங்கிக்கொண்டு வேலையைத் தொடராமல் வைத்தியரை நாட வேண்டும்.

படித்து முடித்தவர் ஊருக்குத் திரும்பியபின் நிலைமை மேலும் கடினமாகும். 2009 ஆம் ஆண்டின் போரிற் புதுக்குடியிருப்பும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் முற்றாகச் சிதைந்து, மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்து குடியேறினர். இத்தகைய ஊர்களிற் பல் வைத்தியர் தொகை என்றும் மிகுதியாக இருந்ததில்லை. நகரத்தில் ஒரு பல் வைத்தியர் முதுகு நோவால் ஓய்ந்தால், நோயாளி அடுத்த வீதிக்குச் செல்வார். வன்னியில் ஒருவர் ஓய்ந்தால், பல் நோவுடன் ஒருவர் பேருந்தில் மணிக்கணக்காகப் பயணம் செய்ய நேரும். ஆகவே அம்மாணவியின் முதுகு அவளுடையது மட்டுமன்று. ஊருக்கும் அதில் உரிமை உண்டு.

பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பேணும் சிகிச்சையாளர்க்கும் இது பொருந்தும். நியூசிலாந்தில் 1921 ஆம் ஆண்டில் தொடங்கிய பாடசாலைப் பற்தாதியர் முறையைப் பின்பற்றி, கொழும்புத் திட்டத்தின் வழியே அந்நாட்டின் உதவியைப் பெற்று, மகரகமையில் இவர்களைப் பயிற்றும் பணி தொடங்கப்பட்டது. சிறு பிள்ளையின் சிறு வாயைப் பார்ப்பவர் இன்னும் மிகுதியாகக் குனிய நேரும். நடமாடும் சிகிச்சை முகாம்களிலோ பாடசாலை மண்டபத்து மரக்கதிரையே சிகிச்சை இருக்கையாகிறது. அங்கே நின்று குனிந்து நூறு வாய்களைப் பார்த்தவரின் இடுப்பு மாலையில் என்னாகும் என்பதை ஊகிக்கலாம். இதற்கு எளிய வழி ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் கைந்நூல் காட்டுகிறது: பரிசோதிக்கப்படுபவரை மேசையிலோ நீண்ட வாங்கிலோ படுக்கவைத்து, பரிசோதிப்பவர் அவருடைய தலைமாட்டில் அமர்ந்துகொள்வது. இரண்டு வாங்குகளும் ஒரு தலையணையும் இல்லாத பாடசாலை வன்னியிலும் இல்லை.

பொருட்செலவு மிகுந்த கருவிகள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கையைத் தம் அளவுக்குத் தாழ்த்துவதற்கும், நோயாளியை அன்புடன் தலை திருப்பச் சொல்வதற்கும், கண்ணாடியிற் பார்த்து வேலை செய்யப் பொறுமையுடன் பழகுவதற்கும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதற்கும் பணம் வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் வரும் மகள், தோட்டத்து வரம்பில் நின்று தாயைச் சற்று நேரம் பார்க்கட்டும். வரிசை முடிந்ததும் தாய் நிமிர்வாள். பேராதனைக்குத் திரும்பும்போது அவள் ஊரிலிருந்து கொண்டுசெல்ல வேண்டிய பாடங்களுள் அதுவும் ஒன்று.